பிளெய்ன்ஸ்பரோவில் கதவைத் தட்டியவர்கள்

எனக்கு எழுத வராது. குடியாத்தத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் தெரியாது. ஞாபகமும் முன்போல் இல்லை. புதன்கிழமை நடந்ததை வெள்ளிக்கிழமை என்று எழுதியிருப்பேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். நூலகத்து சார் தன் பத்திரிகைக்காக, அமெரிக்கா போய்வந்ததை எழுதிக் கொடுங்கள் என்று விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். நயாகரா அருவி, கையில் தீபம் ஏந்திய சிலை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். நான் பார்த்தது ஓர் அடுக்குமாடி வீடு, ஒரு குளம், தூரத்தில் ஒரு ரயில் நிலையம், எங்கள் கதவைத் தட்டிய சில மனிதர்கள். அவ்வளவுதான்.

ஆரம்பத்திலேயே எனக்குச் சந்தேகம். சுமதி என் தங்கை மகள். தங்கை தவறிப்போன பிறகு அவளுக்குத் தாய் இடத்தில் நான்தான். ஆனாலும் பொங்கல், தீபாவளி தவிர போன் வராது. ஒருநாள் திடீரென்று கூப்பிட்டு, “பாப்பாவுக்கு முடி ரொம்பக் கொட்டுது பெரிம்மா. நீங்க வந்து எண்ணெய் காய்ச்சிக் கொடுங்க” என்றாள். எண்ணெய் காய்ச்ச யாராவது ஆளை விமானத்தில் வரவழைப்பார்களா? பாட்டிலில் ஊற்றி அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். நீங்களே வந்தால்தான் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, ஊரில் மழையா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

விமானத்தில் பக்கத்து இருக்கை அம்மாள் கோயம்புத்தூர்க்காரர். டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போகிறவர். விமானத்தில் கொடுத்த உப்புமாவை உப்புமா என்று ஒப்புக்கொள்ள முடியாது என்று இருவரும் பேசிக்கொண்டோம். அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தினார். “அங்க போய்ப் புள்ளைகளைச் சத்தம் போட்டு வையாதீங்க. பக்கத்து ஊட்டுக்காரன் போனைப் போட்டுருவான். ஆளுக வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க. வேற ஊட்டுல குடுத்துருவாங்க.” அவருக்குத் தெரிந்த யாருக்கோ தெரிந்தவர்களுக்கு அப்படி நடந்ததாம். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இறங்கிய இடத்தில் கரிசலாங்கண்ணி எண்ணெய் பாட்டிலை வெளியே எடுத்து ஓர் அதிகாரி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பாஷை தெரியாத எனக்கு விமான நிலையத்தில் கொடுத்த சக்கர நாற்காலியைத் தள்ளிய பையன் தலையைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னான். அதிகாரிக்கு முழு வழுக்கை. தன் தலையைத் தடவிக்கொண்டு என்னைக் கேள்வியாகப் பார்த்தார். இல்லை, இனி பிரயோஜனம் இல்லை என்று கையை விரித்தேன். சிரித்தபடி மூடித் தந்தார். சரியாக மூடவில்லை. பெட்டியில் இருந்த சீலை எல்லாம் எண்ணெய்.

சுமதி மட்டும்தான் அழைக்க வந்திருந்தாள். மாப்பிள்ளை பிரபுவுக்கு டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் வேலை. மாதம் ஒரு தடவைதான் வருவார் என்று அப்போதுதான் தெரிந்தது. இதையும் போனில் சொல்லவில்லை.

சுமதி குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோ வீடு மாடியில். மரத்தாலான சுவர். கீழ்வீட்டில் தும்மினால் நமக்குக் கேட்கிறது. நாம் தாளித்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். கோயம்புத்தூர் அம்மாள் சொன்னதை நினைத்துக்கொண்டு கரண்டியைக்கூட மெதுவாகத்தான் வைத்தேன். நம் ஊரில் வீட்டுக்குள் கத்திச் சண்டை போட்டாலும் வெளியே கேட்டவர்கள் கேட்காததுபோல் இருப்பார்கள். இங்கே சத்தமே இல்லை. அதுவே பயமாக இருந்தது.

பாப்பாவின் பெயர் மித்ரா. அங்கேயே பிறந்தவள், ஆறாவது படிக்கிறாள். அவள் அம்மா கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னைப் பெரிம்மா என்றே கூப்பிடுவாள். அந்த ஒரு வார்த்தைதான் தமிழ். மற்றதெல்லாம் இங்கிலீஷ். நான் சொல்வது அவளுக்குப் புரியும். அவள் சொல்வது எனக்குப் புரியாது. வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். எண்ணெய் தடவ வா என்றால் தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை மித்ராவின் படுக்கையை உதறும்போது தலையணைக்கு அடியில் முடி. கொட்டிய முடி பரவலாகக் கிடக்கும். இது சுருட்டி, ஒளித்து வைத்த முடி. குளித்துவிட்டு வந்தவள் தொப்பியைத் தேடும்போது பார்த்துவிட்டேன். உச்சியில் உள்ளங்கை அளவுக்கு வெறும் தோல்.

சமையலறையில் சுமதியைப் பிடித்துக்கொண்டேன். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “அவளே பிடுங்கிக்கறா பெரிம்மா. ஸ்கூல் வாசல்ல கார விட்டு இறங்க மாட்டேங்கறா. நான் இழுத்தேன், அவ கத்தினா, ஸ்கூல்ல எல்லாரும் பாத்தாங்க.” அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்து ஆலோசகர் அம்மா ஒரு நம்பர் கொடுத்தாராம். ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்க மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த நம்பரில் கூப்பிட்டால் ஆட்கள் வீட்டுக்கே வருவார்களாம். சுமதி கூப்பிட்டுவிட்டாள். அவள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைத் தனியாக விட முடியாது, அதற்குத்தான் நான். தெரிந்தவர்களிடம் எல்லாம் பாப்பாவுக்கு ஆஸ்துமா என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னாள்.

ஊரில் என்றால் திருப்பதிக்கு மொட்டை நேர்ந்துகொள்வோம். நானும் அன்றே மனதுக்குள் மித்ராவின் தலைக்கு நேர்ந்துகொண்டேன்.

சாயங்காலம் குளத்தைச் சுற்றி நடந்தேன். வாத்துகள் நம்மைக் கண்டு பயப்படுவதில்லை. நாம்தான் ஒதுங்க வேண்டும். கமலா என்று ஒரு தமிழ்ப் பெண் தானாக வந்து பேசினாள். அவள் மகள் நிஷாவும் மித்ராவும் ஒரே வகுப்பு. “மித்ராவுக்கு இப்ப மூச்சு எப்படி இருக்கு ஆண்ட்டி?” என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். நான் சொன்ன பொய்யை அவள் வாங்கிக்கொண்ட விதம் சரியாகப் படவில்லை. ஒரு நிமிஷம் கூடுதலாக என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த வாரம் சுமதி கூப்பிட்ட இடத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பெயர் டெனிஸ். நல்ல உயரம், கறுப்பு இனத்துப் பெண்மணி, பேரன் எடுத்திருக்கக்கூடிய வயது. அவர் வருவதற்கு முன்பே கத்தி, அரிவாள்மணை, சாமி படத்துக்கு முன்னால் இருந்த விளக்கு எல்லாவற்றையும் துணி அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டேன். காப்பி கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார் என்று தண்ணீர்தான் கொடுத்தேன். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய வேலை வைத்தியம் பார்ப்பது இல்லையாம். பிள்ளையைச் சுற்றி இருக்கிறவர்களை ஒரு கூட்டமாகச் சேர்ப்பதாம். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஓர் அம்மாவை வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரவழைப்பாராம். டீச்சர், சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் உதவுவார்களோ எல்லோரையும் இதே வீட்டில் உட்கார வைத்துப் பேசுவாராம். வீட்டு விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைத்துப் பேசுகிறதா?

வீட்டில் இருக்கிற பெரியவர் என்ன சொல்கிறார் என்று கேட்கவேண்டும் என்றார். அதற்காக போனில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டுச் சத்தமாக வைத்தார். “வணக்கம். நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். இந்த அறையில யார் எது பேசினாலும் அப்படியே மொழிபெயர்ப்பேன்” என்று அந்தக் குரல் சொன்னது. நான் அதைக் காதில் வாங்கவில்லை. எந்த ஊர்க் குரல் என்பதிலேயே என் புத்தி இருந்தது. வெள்ளைக்காரரிடம் சொன்னாலும் சொல்லிவிடலாம். தமிழச்சி காதில் விழுந்தால் நாளைக்கே வேலூர் வரைக்கும் போய்விடும். “நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?” என்று கேட்டேன். “மன்னிச்சுக்கோங்கம்மா. நான் அதைச் சொல்லக்கூடாது. உங்க பேரும் எனக்குத் தெரியாது” என்றாள். நம்பவில்லை.

டெனிஸ் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நான் சுமதியின் காதருகே குனிந்து, தமிழ் தெரியாதவர் முன்னால் பேசுகிற தைரியத்தில், “இவ கண்ணு வீட்டையே அளக்குது பாரு. புள்ளையத் தூக்கிட்டுப் போக வந்தவ மாதிரி இருக்கா” என்றேன்.

போன் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டது.

சுமதியின் முகம் செத்துப்போனது. உள்ளறைக் கதவு இடுக்கிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. நான் அமெரிக்கா வந்த பிறகு மித்ரா சிரித்தது அதுதான் முதல் தடவை.

டெனிஸ் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். போன் பெண் சொன்னாள். “பிள்ளையை எடுத்துட்டுப் போற அதிகாரம் எனக்கு இல்லை. ஆனா பிள்ளைக்கு யாராவது கெடுதல் பண்றாங்கன்னு தெரிஞ்சா, மேலிடத்துல சொல்லியே ஆகணும். உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.”

அவர் அப்படிப் பாதி பயமுறுத்தியதுதான் எனக்குப் பிடித்தது. கவலையே வேண்டாம் என்று முழுசாகச் சொல்லியிருந்தால் பொய் என்று முடிவு கட்டியிருப்பேன்.

பிறகு இந்தப் பிள்ளையிடம் என்னென்ன நல்லது இருக்கிறது என்று கேட்டார். பெண் பார்க்க வந்தவர்களும் இப்படித்தான் நல்லதைக் கேட்டு ஆரம்பிப்பார்கள், எனக்குத் தெரியும். சுமதி மார்க்கைச் சொன்னாள். டெனிஸ் என் பக்கம் திரும்பினார். என்ன சொல்வது? முந்தின நாள் இந்தியக் கடையில் மொச்சை கிடைத்தது. ஊறவைத்துப் பிதுக்குப் பருப்புக் குழம்புக்குத் தோல் நீக்கிக்கொண்டிருந்தேன். மித்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் பிதுக்கிப் பார்த்தாள். பருப்பு துள்ளிப்போய்ச் சாமி படத்தில் விழுந்தது. அதற்கப்புறம் கிண்ணம் காலியாகும் வரை எழுந்திருக்கவில்லை. அதைச் சொன்னேன். அப்போது அவள் கை தலைக்குப் போனதா என்று டெனிஸ் கேட்டார். யோசித்துப் பார்த்தால், போகவில்லை. அவர் அதை எழுதிக்கொண்டார். பருப்புப் பிதுக்குவதைப் பெரிய விஷயமாக எழுதிக்கொள்கிற இந்த நாட்டு உத்தியோகத்தை என்னவென்று சொல்ல.

மொச்சையால் எல்லாம் சரியானது என்று யாரும் நினைக்க வேண்டாம். சில நாள் ஒரு கையால் பருப்பைப் பிதுக்கி, மறு கையால் முடியைப் பிடுங்கினாள்.

இது பிரபுவுக்குத் தெரிந்ததும் ரிச்சர்ட்சனிலிருந்து போன் வந்தது. கிரீன் கார்டு வரப்போகிற நேரத்தில் யாரைக் கேட்டு வெளியாட்களை உள்ளே விட்டாய் என்று சத்தம் போட்டார். நாளைக்கு எல்லாம் ரெக்கார்டில் ஏறும், அப்புறம் பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் நிற்கும் என்றார். சொல்வதில் நியாயம் இருப்பதுபோல்தான் எனக்கும் பட்டது. கடைசியில் சுமதி விட்டுக்கொடுத்துவிட்டாள். புதன்கிழமை டெனிஸ் வரும்போது இனி வேண்டாம் என்று தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். “நான் வர லேட்டானா நீங்க கதவைத் திறக்காதீங்க பெரிம்மா. யாரும் இல்லைன்னு நினைச்சுப் போயிடட்டும்.”

புதன்கிழமை பார்த்து ரூட் ஒன் சாலையில் அவள் காருக்கு டயர் வெடித்துவிட்டது. நம் ஊர் என்றால் நாலு பேர் கூடி, ஆளுக்கொரு யோசனை சொல்லி, ஒருவர் ஜாக்கி கொண்டுவந்துவிடுவார். அங்கே ஒருவரும் நிற்கவில்லையாம். இழுத்துப் போகும் வண்டி வரக் காத்திருக்கிறேன் என்று மித்ராவின் போனில் சொன்னாள். வைத்த கையோடு கதவு தட்டும் சத்தம்.

நானும் மித்ராவும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். கண்ணாடித் துளையில் பார்த்தேன். டெனிஸ்தான், கூடவே இன்னொரு பெண். டெனிஸ் குனிந்து, திறக்காத கதவுக்கு முன்னால் குளிரில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் போய்விட்டால் இது இன்றோடு முடிந்தது. மித்ராவும் நானும் தலையணைக்கு அடியில் இருக்கிற முடியும்தான் மிச்சம் என்று தெரிந்தது. இருந்தும் சங்கிலியை எடுக்கக் கை வரவில்லை.

மித்ரா என் சேலையை இழுத்தாள். கீழே கைகாட்டி, ரகசியமாக ஏதோ சொன்னாள். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி. வெளியே வெயில். அவர்களுடைய கால் நமக்குத் தெரிந்தது என்றால் நம்முடைய காலும் அவர்களுக்குத் தெரியும்.

அந்த வெட்கத்தில்தான் திறந்தேன். தைரியத்தில் இல்லை.

கூட வந்தவர் பெயர் ரோசா. அவரும் ஒரு தாய்தான். அவருடைய மகனும் இப்படி வீட்டோடு கிடந்து மீண்டவனாம். தாய்மாருக்குத் துணையாக இருப்பது அவர் வேலை. இதையெல்லாம் எனக்குச் சொன்னது மித்ரா. டெனிஸ் மொழிபெயர்ப்புக்காரிக்குப் போன் போட்டார். காத்திருக்கச் சொல்லி வெறும் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்று அவருக்குச் சட்டமாம். மித்ரா விடவில்லை. தரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, அன்றைக்குப் போனில் கேட்ட அதே தோரணையில் சொன்னாள். “வணக்கம். யார் எது பேசினாலும் அப்படியே சொல்லுவேன்.” அவள் வாயில் அத்தனை தமிழை நான் அதுவரை கேட்டதில்லை.

முதலில் உண்மையைச் சொன்னேன். கதவைத் திறக்க வேண்டாம் என்று அவள் அம்மா சொன்னதைச் சொன்னேன். மித்ரா அப்படியே சொன்னாள். டெனிஸ் தலையாட்டினார்.

பிறகு, எனக்கு எங்கிருந்து வந்ததோ, டெனிஸைப் பார்த்தே கேட்டேன். “முடியைப் பிடுங்குறப்ப அந்தப் புள்ளைக்கு வலிக்குமா?”

மித்ரா இங்கிலீஷில் கேட்டாள். டெனிஸ், நீயே சொல் என்பதுபோல் அவள் பக்கம் கையைக் காட்டினார். மித்ராவே டெனிஸிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அவ சொல்றா, பிடுங்கும்போது வலிக்காது. அப்ப மட்டும் தலைக்குள்ள சத்தம் இருக்காது. அப்புறம் கண்ணாடி பாத்தா வலிக்கும்.”

அவள் என்று தன்னைத்தான் சொன்னாள். நான் அதைத் திருத்தவில்லை. “காரை விட்டு ஏன் இறங்கலைன்னு கேளு” என்றேன்.

“ஸ்கூல்ல தொப்பி கழட்டணும். எல்லாரும் பாப்பாங்க. அது பரவாயில்ல.” நிறுத்தி, வார்த்தை தேடினாள். “அம்மா எல்லார்கிட்டயும் ஆஸ்துமான்னு சொல்லியிருக்கா. தொப்பி கழட்டினா, அம்மா பொய் சொன்னான்னு நிஷா வீட்டுக்குத் தெரிஞ்சிடும். அதான் அவ இறங்கல.”

பாட்டு நின்று, போனில் வணக்கம் என்று ஒரு குரல் வந்தது. டெனிஸ் மெதுவாக, கொஞ்சம் இருங்கள் என்பதுபோல் ஏதோ சொன்னார். அப்போதுதான் கவனித்தேன். வாசலில் சுமதி நின்றுகொண்டிருந்தாள், கையெல்லாம் டயர் கரி. எவ்வளவு நேரமாக நின்றாளோ. இனி வரவேண்டாம் என்று டெனிஸிடம் சொல்ல வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரோசா எழுந்து அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவிவிட்டார். இருவரும் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் நான் காப்பி போட்டுவிட்டேன்.

தொப்பிக்குப் பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்குவது சுலபமாம். டெனிஸ் பேசிக்கொள்கிறேன் என்றார். ஆஸ்துமாவை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அது சுமதியின் பங்கு.

மறுநாள் சாயங்காலம் குளத்துக்கு நானும் கூடப் போனேன். சுமதி கமலாவிடம் சொன்னாள். சொல்லும்போது வாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கமலா கேட்டுவிட்டு, “ஆஸ்துமான்னா போன மாசம் பார்க் முழுக்க எப்படிடி ஓடினா? எனக்கு அப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்” என்றாள். “திங்கக்கிழமை நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன். நிஷாவோட சேர்ந்து இறங்கட்டும். இறங்கலன்னா திருப்பிக் கொண்டு வந்து விட்டுடறேன், அவ்வளவுதானே.”

அப்போதும் எனக்குக் கமலாமேல் சந்தேகம்தான். நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க மாட்டாள் என்று நினைத்தேன். சொல்லத்தான் செய்திருக்கிறாள், கோயிலில் ஒருத்தி என்னிடமே கேட்டாள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பொய் தேட வேண்டியிருக்கவில்லை. அது ஒரு சௌகரியம்.

முதல் திங்கள் மித்ரா இறங்கவில்லை. அதற்கடுத்த முறை இறங்கி, ஒரு மணி நேரத்திலேயே திரும்பிவிட்டாள். நான் புறப்படுகிற சமயத்தில் பாதி நாள் இருந்துவிட்டு வந்தாள். உச்சியில் குச்சி குச்சியாக முளைத்திருந்தது. ஒரு வாரம் முளைத்தது மறு வாரம் இல்லாமல் போகும். பிரபு ஒருமுறை வந்து கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இதெல்லாம் கிரீன் கார்டுக்காரர்களுக்குப் போகுமா என்றுதான் முதலில் கேட்டார். போகாது என்று டெனிஸ் சொன்னதை அவர் நம்பவில்லை. நானும் முழுசாக நம்பிவிடவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரிக் குழம்புக்கு மகளுக்கு எதிரே உட்கார்ந்து மொச்சை பிதுக்கினார். அவர் பிதுக்கியதில் பாதி நசுங்கிப்போனது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

ஊர் திரும்பியதும் திருப்பதிக்குப் போய் நேர்த்திக்கடனை என் தலையோடு முடித்துக்கொண்டேன். அவள் தலைக்கு அவளைக் கேட்காமல் நேர்ந்துகொண்டது சரியில்லை என்று பட்டது. பெருமாள் கணக்கில் எந்தத் தலை என்று எழுதியிருக்கப்போவதில்லை.

நூலகத்து சாருக்கு ஒரு வேண்டுகோள். ஊர்ப் பெயரை, கிழமையை எல்லாம் யாரையாவது விட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமானது ஒன்று. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் சுமதிக்குப் போன் போட்டு, இதை மித்ராவுக்குப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் புரியும். முடி விஷயம் வேண்டாம் என்று சொன்னால் அந்த இடங்களை அடித்துவிடுங்கள். அடித்த பிறகு விமானத்து உப்புமாவும் வாத்தும்தான் மிஞ்சும் என்றால், அதை மட்டும் போடுங்கள்.